கறுப்புக் கயிறு கட்டிய கல்

பஸ் நின்ற இடத்துக்கு அப்பால் ரோடே இல்லை. முந்தின நாள் மழையில் மலையின் ஒரு பக்கம் சரிந்து வந்து அதை மூடிவிட்டிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு மேலே ஒரு கணவாயைக் கை காட்டினார். அதைத் தாண்டி இறங்கினால் ஹதுன்மார்க்கா, ஒன்றரை மணி நேர நடை என்றார். அது அவர் கால்களுக்கு. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் மீட்டர் உயரத்தில், திருச்செங்கோட்டுக் கால்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது.

வந்தவர்கள் இரண்டே பேர். மங்கையர்க்கரசிக்கு இருபத்தொன்பது வயது. ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களுக்குக் கோயம்புத்தூரிலிருந்து போனில் பதில் சொல்வது அவள் வேலை. கூட வந்தவர் தாய்மாமன் நாச்சிமுத்து. முப்பது வருஷம் போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்தவர். மனிதர்களிடம் பேசுவதைவிடப் பாறையிடம் பேசுவது அவருக்குச் சுலபம்.

பெரு நாட்டுக்குச் சுற்றுலா வரும்போது மூன்று பேராகத்தான் வந்தார்கள். மூன்றாவது ஆள் மங்கையின் தம்பி பூவேந்தன். குஸ்கோ சந்தையில் ஒரு பழங்கதைக்காரனிடம் அவன் ஒரு மேப் வாங்கினான். இன்கா அரசர்கள் தங்கத்தை ஒளித்துவைத்த அறைக்கு வழியாம். ஹதுன்மார்க்காவுக்கு மேலே மலையில் இருக்கிறதாம். மங்கைக்கு வந்த கோபத்தில், "போ, போய்த் தொலை" என்று கத்திவிட்டாள். மறுநாள் காலை அவன் படுக்கை காலி. இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. போன் இல்லை, செய்தி இல்லை. மழை ஓய்கிறவரை தேடப் போக ஹெலிகாப்டர் எழும்பாது என்று போலீஸில் சொல்லிவிட்டார்கள். தான் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தை மங்கையின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை.

கணவாயின் உச்சியில், ஊருக்கு இறங்குகிற வழி போக, இன்னும் இரண்டு பாதைகள் பிரிந்து மலைமேல் போயின. இடது பக்கப் பாதை ஒரு சிற்றோடையை ஒட்டிப் பாறை இடுக்குக்குள் ஏறியது. வலது பக்கப் பாதை புல்வெளி வழியாக எங்கோ ஏரிப் பக்கம் போனது. ஒவ்வொரு பாதையின் வாயிலும் இடுப்பளவுக்கு ஒரு கற்குவியல். இடது குவியல்மேல் ஓடைத் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தது. சில கற்களில் நூல் கட்டியிருந்தது. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய்க் கம்பளி நூல்கள்.

நாச்சிமுத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தயா அம்மணி, நம்ம மலைக்கோயல்ல வெக்கறாப்பலயே வெச்சிருக்கறானுக. வேண்டுதல் கல்லு."

சொந்த ஊர் மலைப்படிகளில் அவர் அடுக்காத கல் இல்லை. வீடு கட்டக் கல் அடுக்கினார், கட்டினார். லாரி வாங்கக் கல் அடுக்கினார், அதையும் வாங்கினார். அவர் சும்மா போவாரா? இந்தக் குவியலிலும் அந்தக் குவியலிலுமாகத் மேலே தட்டையாக, நூல் கட்டியிருந்த ஐந்து கற்களையும் பொறுக்கினார். மூக்குக்கண்ணாடியெல்லாம் பனி மூடியிருந்தது. தடவித் தடவித்தான் எடுத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"என்ற மருமகன் முழுசாக் கெடைக்கோணும் சாமி."

மங்கை தடுக்கவில்லை. மூச்சு வாங்கியதில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. அப்போது மேலே புல்வெளியிலிருந்து ஒரு பெண் இவர்களைப் பார்த்துக் கத்தினாள். சிவப்புச் சால்வை போர்த்திய பெண், பின்னால் நீண்ட கழுத்தும் கம்பளி உடம்புமாய் நான்கைந்து லாமாக்கள். காற்று அவள் சத்தத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. யாரோ மேய்க்கிற பெண், மிருகத்தை அதட்டுகிறாள் என்று நினைத்து இருவரும் இறங்கினார்கள். பாதி வழியில் அதே பெண் அவர்களைத் தாண்டி ஓடினாள். சால்வையில் எதையோ கனமாக முடிந்திருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஹதுன்மார்க்கா பழைய ஊர்தான். ஒரு சொட்டுச் சுண்ணாம்பு இல்லாமல், ஒரு நூல்கூட நுழையாதபடி பொருத்திய கற்சுவர்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய சந்துகள். சந்துக்குச் சந்து ஓரமாக வாய்க்கால் ஓடியது. அந்தச் சுவர்களைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது. மங்கை பார்த்தது மூடிய கதவுகளை மட்டும். அவர்கள் நடக்க நடக்க, முன்னால் இருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ஒரு கடைக்காரி ரொட்டிக் கூடையை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு ஒரு கிழவர் அவர்கள் கண்ணெதிரே குடத்துத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டினார்.

"ஏனுங் மாமா, நாம என்ன பண்ணுனோம்?" என்றாள் மங்கை.

"தெரியலியே கண்ணு. பத்து நாளாக் குளிக்காம வந்தவனைப் பாக்கறாப்பலப் பாக்கறானுக."

சதுக்கத்துக்கு வந்தபோது விஷயம் தெரிந்தது. ஊர் ஆண்கள் இருபது பேர் கயிறும் கம்புமாக நின்றார்கள். நடுவில் வெள்ளிப் பூண் போட்ட கோலோடு ஊர்த்தலைவர் எவரிஸ்டோ. பக்கத்தில் அந்தச் சிவப்புச் சால்வைக்காரி. அவள் பெயர் ஹுலியானா. மங்கையைக் கண்டதும் அவள் சால்வையை அவிழ்த்து ஐந்து கற்களையும் தரையில் கொட்டினாள்.

"இவங்கதான். என் கண்ணால பார்த்தேன்."

எவரிஸ்டோ கத்தவில்லை. அவர் ஸ்பானிஷில் மெதுவாகப் பேசியது அதைவிடப் பயமாக இருந்தது.

"இது விளையாட்டுக் கல் இல்ல, அம்மா. எங்க ஊர்ல மலைக்கு மேல போறவன் ஒவ்வொருத்தனும் தன் துணியிலருந்து ஒரு நூலை உருவி ஒரு கல்லுல கட்டி, போற பாதைக் குவியல்ல வெச்சுட்டுத்தான் போவான். திரும்பி வந்தா எடுத்து ஆத்துல போட்டுருவான். வராதவன் கல்லு அங்கயே இருக்கும். எந்தக் குவியல்ல இருக்கோ அந்தப் பாதையில போய்த் தேடுவோம். மூணு நாள் மழையில அஞ்சு பேர் திரும்பல. இன்னிக்குத் தேடப் போறோம். மத்தியானத்துக்குமேல பனி கொட்டப்போவுது. ரெண்டு பாதைக்கும் போக ஆள் இல்ல, பாதிப் பேர் வாய்க்கால் கரை உடையாம காக்கணும். இப்ப நீ சொல்லு. யார் எந்தப் பக்கம் போனாங்க?"

மங்கை மாமாவுக்கு அதைத் தமிழில் சொன்னாள். நாச்சிமுத்துவின் முகம் செத்துப்போயிற்று.

"என் புருஷன் பெர்மின் ஓடிப்போன லாமாவைத் தேடிப் போனான்" என்றாள் ஹுலியானா. நீலநூல் கட்டிய கல்லை எடுத்துக் காட்டினாள். "எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. இந்தக் கல்லுக்குத்தான் தெரியும். அதையும் கெடுத்துட்டீங்க. தங்கம் தேடி வர்ற கூட்டமெல்லாம் எங்க பாட்டன் எலும்பைத் தோண்டும். நீங்க அதுக்கும் மேல."

மங்கையின் கண் ஐந்தாவது கல்லில் நிலைகுத்தி நின்றது. அதில் கம்பளி நூல் இல்லை. கறுப்புக் கயிறு. ஒன்பது முடிச்சுப் போட்ட கறுப்புக் கயிறு. விமானம் ஏறுமுன் அம்மா பூவேந்தன் மணிக்கட்டில் கட்டிவிட்டது. அவள் அப்படியே மண்டியிட்டு அந்தக் கல்லை எடுத்துக்கொண்டாள்.

"மாமா, இது தம்பி கயிறுங்க."

அவன் ஊருக்குள் வந்திருக்கிறான். வழக்கத்தைக் கேட்டுக் கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எந்தப் பக்கம் போனான் என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டும் போயிருக்கிறான். அந்தச் சேதியை அவனுக்காகவே கும்பிட்ட மாமாவின் கைதான் கலைத்துவிட்டது. நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்தக் குவியல்லருந்து எடுத்தீங்க? ஞாபகப்படுத்துங்க மாமா."

"கண்ணாடி மூடியிருந்துதே சாமி. ரெண்டுலயும் எடுத்தேன். எது எதுன்னு தெரியலியே."

ஹுலியானா காறித் துப்பினாள். கூட்டத்தில் ஒருவன் இவர்களைக் கட்டிவைக்கச் சொன்னான். இன்னொருவன் ஆற்றில் தள்ளச் சொன்னான். அவன் சொன்னது விளையாட்டுக்கில்லை என்று அவன் முகத்தில் தெரிந்தது.

நாச்சிமுத்து அதையெல்லாம் கவனிக்கவில்லை. கறுப்புக் கயிற்றுக் கல்லை வாங்கித் திருப்பினார். அடிப்பக்கத்தை முகர்ந்தார். பிறகு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கல்லை நாக்கால் நக்கினார். கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது.

அவருக்கு அது புதிசில்லை. போர் போடும்போது துளையிலிருந்து வரும் சேற்றை நாக்கில் வைத்துப் பார்த்தே உப்புத்தண்ணியா நல்லதண்ணியா என்று சொல்லுகிறவர். தோட்டத்து விவசாயிகள் தண்ணீர்ச் சோதனைச் சீட்டை நம்பமாட்டார்கள், நாச்சிமுத்து நாக்கைத்தான் நம்புவார்கள்.

ஒவ்வொரு கல்லாக எடுத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் வாயைக் கொப்பளித்துக்கொண்டார். நக்கி முடித்ததும் மூன்று கற்களை வலது பக்கம் வைத்தார். கறுப்புக் கயிற்றுக் கல்லையும் நீலநூல் கல்லையும் இடது பக்கம் வைத்தார்.

"இது ரெண்டும் உப்பு. சும்மா இல்ல, நல்லாக் கரிக்குது. மத்தது சப்புனு இருக்குது. அந்த ரெண்டு பாதையில உப்புத்தண்ணி எங்க ஓடுதுன்னு கேளு அம்மணி."

மங்கை கேட்டாள். இடது பாதை ஓரம் வரும் ஓடை, மலைக்குள் உப்புப் பாறையைக் கழுவிக்கொண்டு வருகிறது என்றார் எவரிஸ்டோ. அதன் சாரல்தான் அந்தக் குவியல்மேல் தெறிக்கிறது. நம்பாமல் அவரும் குனிந்து நீலநூல் கல்லில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். பிறகு கோலால் தரையைத் தட்டினார்.

"இருக்கிறவங்கள்ல பத்துப் பேர் ஏரிப் பாதைக்கு. மத்தவங்க வாய்க்காலுக்கு. உப்புப் பாதைக்கு?"

"நான் போறேன்" என்றாள் ஹுலியானா. "இவங்க ரெண்டு பேரும் என்கூட வரட்டும். கிழவன் நாக்கு பொய் சொல்லியிருந்தா, அங்கயே விட்டுட்டு வந்துருவேன்."

எவரிஸ்டோ இரண்டு கற்களையும் அவள் கையில் கொடுத்தார். கணவாய்க்குத் திரும்ப ஏறும்போது அவள் இவர்களுக்காக ஒரு இடத்திலும் நிற்கவில்லை. குவியலருகே மட்டும் சற்றுத் தங்கினாள். கற்களை இடத்தில் வைத்தாள், சால்வை ஓரத்தைப் பல்லால் கடித்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். மங்கை அதைக் கவனிக்க நிற்கவில்லை. எத்தனை அடி முன்னால் போகமுடியுமோ அத்தனை அடி போய்விடவேண்டும் என்று ஏறினாள்.

அதற்குமேல் மலை அவர்களை ஒரு விருந்தாளியாக நடத்தவில்லை. ஒரு அடி அகலத்துக்குப் பாறையில் வெட்டிய இன்காப் படிகள், இடது பக்கம் சுவர், வலது பக்கம் ஒன்றுமில்லை. பத்துப் படி ஏறினால் நெஞ்சுக்குள் உலக்கை இடித்தது. ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. புளியங்கொட்டை அளவுக் கட்டிகள் தலையிலும் விரல் முட்டியிலும் குறிபார்த்து விழுந்தன. நாச்சிமுத்து நாலுகாலில் ஏறினார். ஒருமுறை மங்கையின் செருப்பு வழுக்கி அவள் ஓரத்துக்குப் போனபோது, ஹுலியானா அவள் பின்னல் சடையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டாள்.

"செத்தா உன்னைத் தூக்கிட்டு வர எனக்கு நேரமில்ல" என்றாள்.

மூன்று மணி நேரம் கழித்துப் படிகள் திடீரென்று தீர்ந்துபோயின. மலைச்சரிவு படிகளை வழித்துக்கொண்டு போயிருந்தது. பதினைந்து அடி அகலத்துக்குப் பள்ளம், கீழே உப்போடை உறுமியது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பாறையோடு ஒட்டிக்கொண்டு கல்லால் கட்டிய ஒரு பழைய தானியக் களஞ்சியம். ஹுலியானா இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டாள். களஞ்சியத்தின் சின்ன வாசலில் ஒரு ஆள் தலை தெரிந்தது. பெர்மின்! அவன் வலது கையில் ரத்தம் காய்ந்த துணி சுற்றியிருந்தது.

"உள்ளே ஒரு வெளியூர்ப் பையன் இருக்கான்" என்று கத்தினான். "கால் ஒடிஞ்சிருக்கு. உயிரோட இருக்கான். படி சரிஞ்சப்ப என் கையும் நசுங்கிருச்சு. முடிச்சுப் போட முடியாது."

மங்கை அழவில்லை. அழுதால் மூச்சு தீர்ந்துவிடும். ஹுலியானா தோளில் சுமந்துவந்த இரண்டு கயிறுகளில் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, "யார் லேசு? நான்தான். நான் போறேன்" என்றாள்.

ஹுலியானாவுக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் இருப்பது அவள் புருஷன். ஆனால் கயிற்றைப் பிடித்துத் தாங்குகிற பலம் அவளுக்குத்தான் இருந்தது, அது அவளுக்கே தெரியும். நாச்சிமுத்து ஒரு பாறையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கயிற்றை மாட்டினார். ஆயிரம் அடி ஆழத்துக்கு மோட்டார் இறக்குகிற அதே முடிச்சு. இருவரும் தாங்கிப் பிடிக்க, மங்கை பள்ளத்தின் சரிவில் இறங்கினாள். சேறு காலுக்கடியில் நழுவியது. ஒருமுறை ஓடை இடுப்பளவுக்கு அடித்து அவளைப் பாறையில் மோதியது. முழங்கை தோல் உரிந்து, உப்புத்தண்ணீர் அதில் பட்டுத் தீயாய் எரிந்தது. எதிர்ப்பக்கம் ஏறி, பெர்மின் இடது கையைப் பிடித்து மேலே வந்தாள்.

களஞ்சியத்துக்குள் பூவேந்தன் ஒரு குவியல்மேல் சாய்ந்து கிடந்தான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் அழுதான்.

"தொலைஞ்சு போன்னு சொன்னா நெசமாவே தொலைஞ்சு போவியாடா?" என்றாள் மங்கை. அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, குட்டிய இடத்திலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னுதுதான்."

"புதையல் அறை இதாங்க்கா" என்றான் அவன் ஈனக்குரலில். "மேப் சரியாத்தான் இருந்துது."

அவன் சாய்ந்திருந்த குவியலை அவள் தொட்டுப் பார்த்தாள். உறைபனியில் போட்டுக் காயவைத்த உருளைக்கிழங்கு. கறுத்துச் சுருங்கிக் கூழாங்கல் மாதிரி இருந்தது. ஊர்க்காரர்கள் பஞ்சத்துக்கு வைத்திருந்தது. பெர்மின் இங்கே மழைக்கு ஒதுங்க வந்தபோது ஒடிந்த காலோடு இவனைக் கண்டான், விட்டுப்போக மனமில்லாமல் தங்கினான், பின்னால் படி சரிந்தது. இரண்டு பேரும் அந்தக் கிழங்கைக் கடித்துத்தான் நாள் ஓட்டியிருக்கிறார்கள்.

களஞ்சியச் சுவரில் கூரை கட்ட இன்காக்கள் விட்டிருந்த கல்முளை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மங்கை கயிற்றின் இந்த முனையை அதில் கட்டினாள். தொங்கிப் போகத் தன் மேல்சட்டையைக் கிழித்து அதில் வளையம் போட்டாள், இழுப்பதற்கு ஹுலியானா எறிந்த இன்னொரு கயிற்றை வளையத்தில் கட்டினாள். அப்போது மேலே மலை முனகியது. சின்னச் சின்னக் கற்கள் பள்ளத்தில் உருண்டன. யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை, நேரம் கொஞ்சம்தான்.

"முதல்ல பையன்" என்றான் பெர்மின். "கால் கறுத்துட்டு வருது."

அந்தப் பக்கத்திலிருந்து ஹுலியானா வெறிபிடித்தவள்போல் கத்தினாள், என் புருஷனை அனுப்பு என்று. மங்கை தம்பியைப் பார்த்தாள். அவளுக்கு அவன் முதலில் போகவேண்டும் என்றுதான் இருந்தது, அதை மறைத்து என்ன பயன். ஆனால் இரண்டு பேர் இழுத்தால் ஒடிந்த காலோடு துணிமூட்டையாய்க் கிடக்கிறவன் பாதியில் நின்றுவிடுவான்.

"நீங்க போங்க" என்றாள் பெர்மினிடம். "அந்தப் பக்கம் மூணு பேர் இருந்தாத்தான் இவனை இழுக்க முடியும். உங்க ஒரு கை போதும்."

பெர்மின் கயிற்றில் தொங்கிக்கொண்டு அக்கரை சேர்ந்தான். ஹுலியானா அவனைக் கட்டிப்பிடிக்கக்கூட இல்லை. தோளைத் தொட்டுப்பார்த்துவிட்டு உடனே கயிற்றைப் பிடிக்க நின்றாள். மங்கை ஒற்றை ஆளாகத் தம்பியைத் தூக்கிக் கயிற்றில் கட்டினாள். அவன் அலறிய அலறல் மலை முழுக்கக் கேட்டது. நாச்சிமுத்து லோடு இறக்குகிற பழக்கத்தில் ராகம் போட்டுக் குரல் கொடுத்தார். மூன்று பேரும் அந்தக் குரலுக்கு இழுத்தார்கள். அவன் போய்ச்சேர்ந்ததும் மங்கை கயிற்றில் தாவினாள். அவள் நடுவில் இருக்கும்போது மலை இறங்கியது. களஞ்சியத்தின் ஒரு மூலை அப்படியே பெயர்ந்து பள்ளத்துக்குள் போயிற்று. கல்முளை மட்டும் அசையவில்லை. இரண்டு ஜோடிக் கைகளும் ஒற்றைக் கை ஒன்றும் அவளைக் கரைக்கு இழுத்துப்போட்டன.

பூவேந்தனை ஹுலியானாதான் முதுகில் சுமந்தாள், சால்வையில் கட்டிக்கொண்டு. வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு திட்டையும் மங்கை தமிழில் சொல்லித் தம்பிக்குச் சேர்த்தாள், ஒன்றையும் குறைக்கவில்லை. பனி விழத் தொடங்கியபோது கணவாய் தெரிந்தது. அங்கே எவரிஸ்டோவும் ஏரிப் பாதைக்குப் போனவர்களும் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். அவர்களோடு மூன்று மேய்ப்பர்கள், கிழிந்த போர்வையில், உயிரோடு. மாமாவின் நாக்கு மூன்று பேர் விஷயத்திலும் பொய் சொல்லவில்லை.

யாரும் கை தட்டவில்லை. ஒரு ஆள் நாச்சிமுத்துவின் முன்னால் ஒரு குவளை சூடான கோக்கா இலை டீயை நீட்டினான், முகத்தைப் பார்க்காமல். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பெர்மின் தன் நீலநூல் கல்லையும், ஹுலியானா தான் ஏறும்போது வைத்துப்போன கல்லையும் எடுத்தார்கள். பூவேந்தன் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கறுப்புக் கயிற்றுக் கல்லை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டான். கிளம்பலாம் என்று மங்கை திரும்பியபோது ஹுலியானா கையால் குவியலைத் தட்டினாள்.

"இன்னும் ரெண்டு இருக்கு."

குவியலின் உச்சியில் புதிதாக இரண்டு கற்கள். இரண்டிலும் சிவப்பு நூல். ஹுலியானாவின் சால்வை ஓரம் அந்த அளவுக்குப் பிரிந்து தொங்கியது.

"யாரோடது?" என்றாள் மங்கை.

"உன்னோடதும் அந்தக் கிழவனோடதும். நீங்க வைக்காம ஏறினீங்க. எடு. எடுக்காமப் போனா நாளைக்கு எங்க ஊரே உங்களைத் தேடி மலையேறணும்."

காலையில், அந்தக் கோபத்தில், அங்கயே விட்டுட்டு வந்துருவேன் என்று சொன்ன வாயோடு, அவள் சால்வையைப் பல்லால் பிய்த்தது இதற்குத்தான். மங்கைக்கு அதுவரை அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வந்தது. ஹுலியானா அதைப் பார்க்காதவள்போல, புல்வெளியில் விட்டிருந்த லாமாக்களை ஓட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

நாச்சிமுத்து தன் கல்லை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று மங்கையைக் கேட்டார். கூடாது என்றாள் அவள். ஊர் எல்லையில் ஆறு ஓடியது. மலையிலிருந்து இறங்கிய எல்லாரும் அங்கே நின்று அவரவர் கல்லைத் தண்ணீரில் போட்டார்கள். இனி மலைமேல் யாரும் இல்லை என்று ஊருக்குத் தெரிந்தது. சந்துக்குள் நுழைந்தபோது அந்த ரொட்டிக்காரியின் கதவு திறந்திருந்தது.